மொழிக்கு எந்த ஊர்?

கிரேக்கம் எங்கே பேசப்படுகிறது, மலையாளம் எங்கே பேசப்படுகிறது என்று கேட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட பதில் சொல்லிவிடும். கிரேக்கம் கிரீஸிலும் சைப்ரஸிலும். மலையாளம் கேரளத்திலும் லட்சத்தீவிலும் புதுச்சேரிக்குச் சொந்தமான மாஹேயிலும். எண்ணிக்கை வேண்டுமா, அதுவும் இருக்கிறது. கிரேக்கம் பேசுகிறவர்கள் உலகம் முழுக்க ஏறக்குறைய 1.3 கோடிப் பேர். மலையாளத்தைத் தாய்மொழி என்று பதிந்தவர்கள் 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் 3.48 கோடிப் பேர். கிரீஸ் கேரளத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் பெரியது. ஆனால் பேசுகிற வாய்கள் மலையாளத்துக்குத்தான் அதிகம். சிறிய மொழிக்கு ஒரு நாடும் ராணுவமும் 1981 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அதிகாரபூர்வ நாற்காலியும் இருக்கின்றன. பெரிய மொழிக்கு ஒரு மாநிலம் இருக்கிறது.

இவ்வளவுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்த 'எங்கே' என்ற சொல்லைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். அடியில் ஆட்கள் இருக்கிறார்கள். கோடு போட்டவர்கள், கோட்டுக்கு அந்தப் பக்கம் துரத்தப்பட்டவர்கள், பிழைப்புக்காகப் போனவர்கள், போகாமலே வெளியாட்கள் ஆனவர்கள். ஒரு மொழியின் வரைபடம் என்பது யாருக்கு எங்கே வாய் திறக்க அனுமதி இருந்தது என்பதன் கணக்கும்கூட. இந்த இரண்டு மொழிகளையும் அருகருகே வைத்தால் அந்தக் கணக்கு தெளிவாகத் தெரிகிறது.

சம்பந்தமில்லாத இரண்டு மொழிகளை ஏன் முடிச்சுப் போட வேண்டும்? முடிச்சு ஏற்கெனவே ஒன்று உண்டு. வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு பாப்பிரஸ் துண்டு இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கிரேக்கத்தில் எழுதப்பட்டது. முசிறியோடு தொடர்புடைய ஒரு கடன் ஒப்பந்தத்தையும், 'ஹெர்மபோலோன்' என்ற கப்பலில் வந்த ஜடாமாஞ்சி, யானைத் தந்தம் போன்ற சரக்குகளின் மதிப்பையும் சொல்கிறது. சரக்கு செங்கடல் துறைமுகத்தில் இறங்கி, பாலைவனத்தை ஒட்டகத்தில் கடந்து, நைல் வழியாக அலெக்ஸாந்திரியாவுக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு.

இந்தத் துண்டைப் பற்றிப் பேசும்போது நாம் பெருமையோடு யவனர், மிளகு, பொன் என்று போய்விடுவோம். எனக்கு அதில் உறுத்துவது வேறு. அந்த வியாபாரத்தின் இரண்டு முனைகளையும் பாருங்கள். ஒரு முனை அலெக்ஸாந்திரியா. அங்கே கிரேக்கம் பேசினார்கள். மறு முனை முசிறி. அது அன்று சேரர் துறைமுகம், அங்கே பேசியது தமிழ். இன்று அலெக்ஸாந்திரியாவில் அரபி. முசிறி இருந்ததாகக் கருதப்படும் கொடுங்கல்லூர்ப் பக்கம் மலையாளம். ஓரிடத்தில் மொழி இடம்பெயர்ந்து போயிற்று. இன்னோரிடத்தில் மொழி இருந்த இடத்திலேயே இருந்து வேறொன்றாகிவிட்டது. மண் எந்த மொழிக்கும் பத்திரம் எழுதிக் கொடுப்பதில்லை. மனிதர்கள்தான் பத்திரம் எழுதுகிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் அப்படி எழுதப்பட்ட இரண்டு பத்திரங்கள், இந்த இரண்டு மொழிகளின் 'எங்கே'யையும் தீர்மானித்தன.

முதலாவது 1923 ஜனவரி 30. லோசானில் கிரீஸும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொள்ள ஒப்பந்தம் போட்டன. துருக்கியில் இருந்த கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கு, கிரீஸில் இருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கு. இஸ்தான்புல் கிரேக்கர்களுக்கும் மேற்குத் திரேஸ் முஸ்லிம்களுக்கும் மட்டும் விலக்கு. முன்னதாகவே போரில் தப்பி ஓடிவந்தவர்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 12 லட்சம் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் மறு பக்கம். வீடு, தோட்டம், கல்லறை எல்லாம் விட்டுவிட்டுப் போக வேண்டும். திரும்பி வரக் கூடாது.

யார் கிரேக்கர், யார் துருக்கியர் என்று பிரித்தது மதம். மொழியை யாரும் கேட்கவில்லை. அதனால் நடந்ததை யோசித்தால் சிரிப்பதா அழுவதா தெரியாது. கப்படோக்கியாவின் கராமன்லி கிறிஸ்தவர்கள் பேசியது துருக்கி. அதையே கிரேக்க எழுத்தில் எழுதிவந்தார்கள். ஒரு வார்த்தை கிரேக்கம் தெரியாத குடும்பங்களும் 'தாய்நாட்டுக்கு'க் கப்பலேற்றப்பட்டன. கிரீட் தீவு முஸ்லிம்களுக்கோ வீட்டு மொழியே கிரேக்கம்தான். அவர்கள் துருக்கியின் அய்வலிக் போன்ற ஊர்களில் இறக்கிவிடப்பட்டார்கள். வந்த இடத்தில் வரவேற்பு எப்படி? அங்கே போனவர்களுக்குத் 'துருக்கி விதை' என்று பெயர். இங்கே வந்தவர்களுக்குப் 'பாதிக் காஃபிர்' என்று பெயர். 1928இல் துருக்கியில் 'குடிமகனே, துருக்கியில் பேசு' என்றொரு இயக்கம் கிளம்பியது. கிரீட்டிலிருந்து வந்த பாட்டிகள் தங்கள் பாட்டுகளைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பாடியிருக்க வேண்டும்.

இன்னொரு கூட்டம் தப்பியது. டிராப்சோனுக்குக் கிழக்கே மலைக்கிராமங்களில் வாழ்ந்த முஸ்லிம்கள். மதத்தால் முஸ்லிம் என்பதால் அவர்களை யாரும் அசைக்கவில்லை. அவர்கள் வீட்டில் பேசும் ரோமேய்க்கா, கிரேக்கத்தின் ஒரு வடிவம். ஏதென்ஸின் கிரேக்கம் எப்போதோ தொலைத்துவிட்ட பழைய வினையெச்ச வடிவம் ஒன்று இந்தப் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று மொழியியலாளர்கள் வியக்கிறார்கள். பள்ளியில்லை, புத்தகமில்லை, கொடியில்லை. கிரேக்கத்தின் வரைபடத்தில் அந்தக் கிராமங்களுக்கு நிறம் தீட்டவும் ஆளில்லை.

இரண்டாவது பத்திரம் 1956 நவம்பர் 1. மொழிவாரி மாநிலங்கள். இங்கே மதத்தைக் கேட்கவில்லை, மொழியைத்தான் கேட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, லோசானோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். யாரும் யாரையும் கப்பலேற்றவில்லை. நம்பூதிரியும் ஈழவரும் மாப்பிள்ளை முஸ்லிமும் சுறியானிக் கிறிஸ்தவரும் ஒரே மொழியின் பெயரால் ஒரே மாநிலத்துக்குள் வந்தார்கள். இத்தனைக்கும் முஸ்லிம்கள் நீண்ட காலம் மலையாளத்தை அரபி எழுத்தில் எழுதியவர்கள். 1607இல் கோழிக்கோட்டுக் காஜி முஹம்மது இயற்றிய முஹ்யித்தீன் மாலை அந்த அரபி மலையாளம்தான். கிறிஸ்தவர்கள் அதே மலையாளத்தைச் சிரியாக் எழுத்திலும் எழுதினார்கள். அனடோலியாவில் இதே மாதிரி எழுத்தும் மதமும் மொழியும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தபோது, மதத்தைப் பிடித்துக்கொண்டு மொழியை விட்டார்கள். இங்கே மொழியைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் ஒரு பேச்சு சிதறாமல் பிழைத்தது.

ஆனால் கோடு என்றால் கோடுதான். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. காசர்கோடு தென்கன்னட மாவட்டத்திலிருந்து பிரிந்து கேரளத்துக்குப் போனது. இந்த எல்லைக்காக உயிர்கள் போயிருக்கின்றன. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச்சூட்டைக் குமரி மாவட்டத்தில் இன்றும் யாரும் மறக்கவில்லை.

நான் விளவங்கோடு தாலுகாக்காரன். எங்கள் அப்பாம்மாவிடம் ஒருமுறை, கோடு போடுவதற்கு முன்னால் வீட்டில் என்ன மொழி பேசினீர்கள் என்று கேட்டேன். "இதென்ன கேள்வி மக்கா? நாம பேசியது நம்ம பேச்சுல்லா" என்றார். அதற்கு மேல் அவரிடம் பதில் இல்லை, தேவையும் இல்லை. திருவிதாங்கூர் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்து, தமிழில் ஒப்பாரி வைத்து, இரண்டிலும் சண்டை போட்டவர் அவர். 1956க்குப் பிறகு இரண்டில் ஒன்று அவருடைய மொழி, மற்றொன்று பக்கத்து மாநிலத்து மொழி. அவர் நின்ற இடத்திலிருந்து ஓர் அடிகூட நகரவில்லை.

இந்த இடத்தில், மொழிக்கு நிலம் எதற்கு, கோடெல்லாம் வேண்டாம், எல்லாரும் எல்லாம் பேசட்டும் என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது உண்மையைப் பார்க்காத பேச்சு. நிலமில்லாத மொழிக்கு என்ன நடக்கிறது என்பதற்கு இந்த இரண்டு மொழிகளுமே சாட்சி.

இத்தாலியின் தென்கோடியில் சலெந்தோவிலும் கலாப்ரியாவிலும் கிரிகோ என்ற கிரேக்கம் நூற்றாண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. இத்தாலி அதைச் சிறுபான்மை மொழியாக 1999இல் சட்டப்படி ஏற்றுக்கொண்டது. அதற்குள் பேச்சு பெரும்பாலும் முதியவர்களின் வாயில்தான் மிச்சம். கொச்சி யூதர்கள் 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போனார்கள். கல்யாணத்துக்கும் பண்டிகைக்குமான மலையாளப் பாட்டுகளைப் பெண்கள் நோட்டுப் புத்தகங்களில் எழுதி எடுத்துப் போனார்கள். நெவாத்திம் போன்ற குடியிருப்புகளில் மூத்தவர்கள் மலையாளம் பேசினார்கள். பேரப்பிள்ளைகளுக்கு ஹீப்ரு. யாரும் அடிக்கவில்லை, தடை செய்யவுமில்லை. பள்ளிக்கூடம், வேலை, காதல் எல்லாம் வேறு மொழியில் நடந்தன, அவ்வளவுதான்.

கவாஃபியைப் பாருங்கள். நவீன கிரேக்கத்தின் மிகப் பெரிய கவிகளில் ஒருவர். 1863இல் பிறந்ததும் 1933இல் இறந்ததும் அலெக்ஸாந்திரியாவில். அவர் இறந்து முப்பது ஆண்டுகளுக்குள், 1956 சூயஸ் நெருக்கடியும் அதற்குப் பின் வந்த நாட்டுடைமை நடவடிக்கைகளுமாகச் சேர்ந்து, அவருடைய நகரத்தின் கிரேக்கர்களில் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். கவிதை பிழைத்தது. ஏனென்றால் வேறோரிடத்தில் அந்த மொழிக்குப் பள்ளிகளும் அச்சகங்களும் வாசகர்களும் இருந்தார்கள். நிலம் வேண்டும்தான். வழக்கு நடக்கவும் பஸ்ஸில் டிக்கெட் கேட்கவும் பிள்ளை அதில் திட்டு வாங்கவும் ஓரிடம் வேண்டும்.

இதிலிருந்து ஒரு சங்கடமான கேள்விக்கு வருகிறேன். பிழைப்புக்காக வெளியே போனவர்களின் கதை அது.

1950களிலும் 60களிலும் கிரேக்கர்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். மெல்பர்ன் கிரீஸுக்கு வெளியே இருக்கும் பெரிய கிரேக்க நகரங்களில் ஒன்று. 1957 முதல் அங்கே 'நேயோஸ் கோஸ்மோஸ்' என்ற பத்திரிகை வருகிறது. போனவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது, வீடு வாங்கினார்கள், பிள்ளைகள் வக்கீலும் அமைச்சரும் ஆனார்கள். 2021 ஆஸ்திரேலியக் கணக்கெடுப்பில் கிரேக்க வம்சாவளி என்று சொன்னவர்கள் ஏறக்குறைய 4.2 லட்சம். வீட்டில் கிரேக்கம் பேசுகிறோம் என்றவர்கள் 2.3 லட்சம்.

மலையாளிகள் வளைகுடாவுக்குப் போனார்கள். 2018ஆம் ஆண்டின் கேரளப் புலம்பெயர்வு ஆய்வின்படி வெளிநாட்டில் இருந்த கேரளத்தவர் 21 லட்சம் பேர். பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் வளைகுடா நாடுகளில். அங்கே முப்பது வருடம் உழைத்தாலும் குடியுரிமை என்ற பேச்சே கிடையாது. வேலை போனால் விசா போச்சு, விசா போனால் ஊர்தான். அங்கே மலையாளம் கொழிக்கிறது. வானொலி, பள்ளி, சங்கம், புத்தக வெளியீடு எல்லாம் உண்டு. பென்யாமின் 'ஆடுஜீவிதம்' நாவலை எழுதியபோது இருந்தது பஹ்ரைனில்.

ஷார்ஜாவில் வேலை பார்க்கும் பாறசாலைக்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். எல்லையில் வளர்ந்ததால் எங்கள் தமிழே பேசுவார். மகளை விடுமுறை நாளில் மலையாள வகுப்புக்கு அனுப்புகிறார். ஏன் அண்ணே இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டதற்கு, "தம்பி, எனக்க வேலை என்னைக்குப் போவும்னு தெரியாது. நாளைக்கு ஊருக்கு வந்தா பிள்ளைக்கு எழுதப் படிக்கத் தெரியாண்டாமா?" என்றார். மொழிப்பற்று என்று நான் எதிர்பார்த்த இடத்தில் அவர் வைத்தது ஒரு பயம்.

இப்போது இரண்டையும் அருகில் வைத்துப் பாருங்கள். மெல்பர்னில் பாதுகாப்பு கிடைத்தது, மொழி மெல்ல மெல்லக் கரைகிறது. ஷார்ஜாவில் பாதுகாப்பு இல்லை, மொழி நிற்கிறது. ஒரு மொழி வாழ்வதற்கு அதைப் பேசுகிறவன் பயத்தோடு இருப்பது உதவுகிறது என்றால், நாம் எதை விரும்ப வேண்டும்? அந்தப் பாறசாலைக்காரருக்கு நாளைக்கே நிரந்தரக் குடியுரிமை கிடைத்தால் அவருடைய பேத்தி மலையாளம் பேசாமல் போகலாம். அதற்காக அவருக்குக் குடியுரிமை கிடைக்க வேண்டாம் என்று மொழியின் பெயரால் யாராவது சொல்ல முடியுமா?

என்னால் முடியாது. இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் தெளிவாகிறது. மொழிக்கு மனிதன்மேல் உரிமை கிடையாது. மனிதனுக்குத்தான் மொழிமேல் உரிமை உண்டு. மெல்பர்ன் பேத்தி கிரேக்கத்தை விட்டுவிட்டால் அது வருத்தம், குற்றமில்லை. அய்வலிக் பாட்டி கதவைச் சாத்திக்கொண்டு பாட வேண்டியிருந்ததே, அதுதான் குற்றம். இரண்டிலும் வரைபடத்தில் ஒரே மாதிரி நிறம் மங்குகிறது. முதலாவதில் ஒரு மனுஷி கைவிட்டாள், இரண்டாவதில் ஒரு மனுஷியிடமிருந்து பிடுங்கப்பட்டது. எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

'அப்படியானால் யார் பிடுங்குகிறார்கள்?' என்று கேட்டால் பதில் இன்னும் கசப்பானது. தன் மொழியைக் காப்பாற்றிக்கொண்ட நிலம்தான் பெரும்பாலும் அடுத்தவர் மொழியைப் பிடுங்குகிறது. கிரீஸ் 1920களில் வடக்குப் பகுதிகளில் ஸ்லாவிய, துருக்கிய ஊர்ப்பெயர்களையெல்லாம் மாற்றியது. 1936இல் ஆட்சியைப் பிடித்த மெட்டாக்ஸாஸின் சர்வாதிகாரத்தில் ஸ்லாவியப் பேச்சு பேசியவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். துருக்கியில் தன் மொழிக்கு என்ன ஆயிற்று என்று அறிந்த நாடு அது. அறிந்திருப்பது போதவில்லை.

கேரளத்தில் அந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் வயநாட்டின் பணியர்களின் பேச்சும் அட்டப்பாடியின் இருளர்களின் பேச்சும் வீட்டுக்கு வெளியே எங்கே செல்லும்? 2017இல் பள்ளிகளில் மலையாளம் கட்டாயமானபோது காசர்கோட்டுக் கன்னடர்கள் தெருவுக்கு வந்தார்கள். மூணாறு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்காக நமக்குக் கோபம் வருகிறது. வரட்டும், நியாயமான கோபம். அதே கோபம் நம் பக்கம் திரும்பும்போதும் வருகிறதா? தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் வந்தபோது மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றம் போனார்கள். அவர்களில் நம் மலையாளிகளும் தெலுங்கர்களும் கன்னடர்களும் உண்டு. இந்த மாநிலத்தில் வாழ்கிற பிள்ளை தமிழ் படிக்க வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். நிலம் வேண்டும் என்று சொன்னவன் நான். ஆனால் தமிழைச் சேர்ப்பது ஒன்று, அந்தப் பிள்ளையின் மொழியைத் தேர்வுத்தாளிலிருந்து எடுப்பது இன்னொன்று. இரண்டாவதை முதலாவதின் பெயரில் செய்வதுதான் எல்லா நிலங்களுக்கும் பழகிய தந்திரம்.

நிலம் மொழிக்குக் காவல்காரன் மாதிரி. கூலி வாங்கிக்கொண்டு காக்கலாம். வாசலில் போகிறவன் பையைச் சோதிக்கும் அதிகாரம் அவனுக்கு யார் கொடுத்தது? தன்னுடையதைக் காக்க நிலம் வேண்டுமென்று கேட்டு வாங்கியவர்களுக்கு, அந்த நிலத்தில் மாட்டிக்கொண்ட மற்ற பேச்சுகளுக்கும் இடம் விட்டுவைக்கும் கடமை கூடுதலாகவே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மாஹேயின் அளவு ஒன்பது சதுர கிலோமீட்டர். பிரெஞ்சுக்காரர்கள் 1954இல் போன பிறகும் அது கேரளத்தில் சேரவில்லை. சுற்றிலும் கேரளம், நிர்வாகம் புதுச்சேரியில், பேச்சு மலையாளம். அதனால் மலையாளத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. எம். முகுந்தன் அந்தச் சின்ன ஊரை வைத்து 1974இல் எழுதிய 'மய்யழிப்புழயுடெ தீரங்ஙளில்' மலையாளத்தின் முக்கிய நாவல்களில் ஒன்று. இன்னொருவர் ஆட்சியின் கீழ் இருக்கும் மொழிக்கும் மரியாதை கொடுக்க முடியும் என்பதற்கு அந்த ஒன்பது சதுர கிலோமீட்டர் போதும்.

எங்கள் தாலுகாவில் மலையாள வழியில் படிக்கிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டு வருகிறது. பெற்றோரே ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றுகிறார்கள் என்றால் அது அவர்கள் விருப்பம், தமிழ்ப் பள்ளிகளிலும் அதுவே நடக்கிறது. வாத்தியார் பணியிடம் நிரப்பப்படாததால் மாற்றுகிறார்கள் என்றால் அதற்கு நாம் பதில் சொல்ல வேண்டும். மலையாளம் எங்கே பேசப்படுகிறது என்ற கேள்விக்கு என்னுடைய பதிலில் அந்த வகுப்பறையும் உண்டு. அங்கே ஒரு பிள்ளை எழுந்து நின்று மலையாளத்தில் பாடம் ஒப்பிக்கும்போது அது வெளியூர்ப் பிள்ளை ஆகிவிடக் கூடாது.